ஒரு மாத்திரை என்பது எவ்வளவு?

தமிழ் இலக்கணத்தில் மாத்திரை என்றால் எழுத்தை ஒலிக்க ஆகும் நேரம். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்யெழுத்துக்கு அரை. சொல்லின் வேர்ப்பொருள் ‘அளவு’ என்பதால் மருந்துக்கும் அதே பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. விந்தை என்னவென்றால், இன்று மருந்துக் கடையில் கிடைக்கும் மாத்திரை எந்த அளவையும் குறிப்பதில்லை. தைராய்டுக்கான தைராக்சின் மாத்திரை ஒன்றில் 50 மைக்ரோகிராம் மருந்து இருக்கலாம். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரை ஒன்றில் 500 மில்லிகிராம் இருக்கும். பத்தாயிரம் மடங்கு வேறுபாடு. வீட்டில் நாம் இரண்டையும் ‘ஒன்று’ என்றுதான் எண்ணுகிறோம்.

வாய்வழி மருந்துகளில் வீட்டில் நேரும் பிழைகளில் பல இந்த எண்ணிக்கைப் பழக்கத்தில்தான் தொடங்குகின்றன. மருத்துவர் எழுதுவது எத்தனை மில்லிகிராம், எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை, யாருடைய உடலுக்கு என்ற கணக்கு. வீட்டுக்கு வந்து சேரும்போது அது ‘காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று’ என்று சுருங்கிவிடுகிறது.

சீட்டில் இருக்கும் குறிகள்

மருந்துச் சீட்டில் ஒவ்வொரு வரியிலும் மூன்று செய்திகள் இருக்க வேண்டும்: மருந்தின் பெயர், ஒரு மாத்திரையில் உள்ள மருந்தின் எடை, உட்கொள்ளும் வேளை. நிறுவனம் வைத்த பெயரில் அல்லாமல் மருந்தின் மூலப்பெயரிலேயே, படிக்கக்கூடிய வகையில், முடிந்தால் பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2016-இல் விதியைத் திருத்தியது. விதி இருக்கிறது, கையெழுத்தும் அப்படியேதான் இருக்கிறது.

வேளையைக் குறிக்க லத்தீன் சுருக்கங்கள் இன்னும் புழங்குகின்றன. ஓ.டி. என்றால் நாளுக்கு ஒருமுறை. பி.டி. இருமுறை, டி.டி.எஸ். மும்முறை. எச்.எஸ். என்றால் படுக்கப் போகும்போது. எஸ்.ஓ.எஸ். என்றால் தேவைப்பட்டால் மட்டும். இந்தக் கடைசிக் குறியைத்தான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். காய்ச்சல் விட்ட பிறகும் மாத்திரை தீரும்வரை விழுங்குகிறார்கள். அல்லது ‘தேவைப்பட்டால்’ என்பதை ‘எத்தனை முறை வேண்டுமானாலும்’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். தேவைக்கு உட்கொள்ளும் மருந்துக்கும் ஒரு குறைந்தபட்ச இடைவெளியும் ஒரு நாளுக்கான உச்சவரம்பும் உண்டு.

நம் ஊரில் இந்தச் சுருக்கங்களைவிடப் பரவலானது 1-0-1 முறை. காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும் நல்ல ஏற்பாடு இது. ஆனால் இதில் மணி இல்லை. காலை ஒன்பதுக்கும் இரவு எட்டுக்கும் உட்கொண்டால் பகலில் பதினொரு மணிநேர இடைவெளி, இரவில் பதின்மூன்று, பெரிய கேடில்லை. 1-1-1 என்று எழுதிய நுண்ணுயிர்க்கொல்லியை (ஆன்டிபயாடிக்) காலை ஒன்பது, மதியம் இரண்டு, இரவு ஒன்பது என்று மூன்று சாப்பாட்டோடு கட்டிப்போட்டால் இடைவெளி ஐந்து, ஏழு, பன்னிரண்டு மணிநேரம் ஆகிவிடுகிறது. அமாக்சிசிலின் போன்ற மருந்து ரத்தத்திலிருந்து விரைவாக வெளியேறிவிடும். அந்தப் பன்னிரண்டு மணிநேரத்தின் பிற்பகுதியில் கிருமிகளுக்கு எதிராகப் போதிய மருந்து உடலில் இருக்காது. எழுந்ததும் ஒன்று, பிற்பகலில் ஒன்று, படுக்குமுன் ஒன்று என்று கூடியமட்டும் எட்டு மணிநேரத்துக்கு அருகில் கொண்டுவருவதே 1-1-1 என்பதன் உட்பொருள்.

அரை ஆயுட்காலம்

ஏன் ஒரு மருந்து மூன்று வேளை, இன்னொன்று ஒரே வேளை? விடை அரை ஆயுட்காலம் என்ற கணக்கில் இருக்கிறது. ரத்தத்தில் உள்ள மருந்தின் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரமே அது. பாரசிட்டமாலுக்கு இரண்டு மூன்று மணிநேரம். ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபினுக்கு 30 முதல் 50 மணிநேரம். தைராக்சினுக்கு ஏறக்குறைய ஏழு நாள்.

இதிலிருந்து இரண்டு விளைவுகள் வருகின்றன.

1. தினமும் உட்கொள்ளும் மருந்து உடலில் ஒரு நிலையான மட்டத்தை எட்ட நான்கைந்து அரை ஆயுட்காலம் ஆகும். அம்லோடிபின் தொடங்கிய மூன்றாம் நாளே அழுத்தம் இறங்கவில்லை என்று இன்னொரு மாத்திரையைச் சேர்ப்பது, இன்னும் கொதி வராத உலைக்கு அடுப்பு போதாது என்று முடிவுகட்டுவதைப் போன்றது. தைராக்சின் அளவை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத்தான் மறுபரிசோதனை செய்யச் சொல்கிறார்கள் என்பதற்கும் இதுவே காரணம்.

2. மருந்தை வெளியேற்றும் வேலை சிறுநீரகத்துக்கும் கல்லீரலுக்கும் உரியது. அவை தளர்ந்தால் அரை ஆயுட்காலம் நீளும். அதே மாத்திரை உடலில் குவியத் தொடங்கும். எழுபது வயதுக்காரருக்கு நாற்பது வயதில் ஒத்துக்கொண்ட அளவு இப்போது மிகையாகலாம். முதியவர்களுக்குப் புது மருந்து எழுதுமுன், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் பரிசோதனை கேட்பது வீண் செலவல்ல.

வாரம் ஒருமுறை என்றால் வாரம் ஒருமுறைதான்

மருந்துப் பிழைகளில் மிகக் கொடிய ஒன்று ஒரு சின்ன மாத்திரையைச் சுற்றி நடக்கிறது. அதன் பெயர் மெத்தோட்ரெக்சேட். புற்றுநோய்க்காக உருவான இந்த மருந்து, மிகக் குறைந்த அளவில் முடக்குவாதத்துக்கும் சொரியாசிஸ் என்ற தோல் நோய்க்கும் பயன்படுகிறது. முடக்குவாதத்துக்கு இதைப் பயன்படுத்த அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1988-இல் ஒப்புதல் தந்தது. பல நோயாளிகளின் மூட்டுகளை முடங்காமல் காத்த நல்ல மருந்து இது. அளவு பெரும்பாலும் 7.5 முதல் 25 மில்லிகிராம் வரை, வாரத்தில் ஒரே ஒரு நாள்.

இதே மருந்தைத் தினமும் உட்கொண்டால் என்ன ஆகும்? செல்கள் பிரிந்து பெருக ஃபோலேட் என்ற வைட்டமின் தேவை. மெத்தோட்ரெக்சேட் அதன் பயன்பாட்டைத் தடுக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை தடுத்தால், நடுவில் உள்ள நாட்களில் நலமான செல்கள் மீண்டுவிடும். தினமும் தடுத்தால் மீள இடமே இல்லை. விரைவாகப் பெருகும் செல்கள் முதலில் அடிவாங்கும்: வாயின் உட்தோல், குடல், எலும்பு மஜ்ஜை. வாய் முழுக்கப் புண், காய்ச்சல், காரணமில்லாத ரத்தக்கட்டு என்று தொடங்கி, வெள்ளணுக்கள் வீழ்ந்து உயிரே போகலாம். பெரிய அளவு ஒரே நாளில் செய்யும் கேட்டைவிட, சிறிய அளவு நாள்தோறும் செய்யும் கேடு பெரிது. ‘சின்ன மாத்திரைதானே’ என்ற எண்ணம் இங்கே எடுபடாது.

பிழை எப்படி நுழைகிறது என்று பார்த்தால் நோயாளியை மட்டும் குறைசொல்ல முடியாது. மெத்தோட்ரெக்சேட்டின் பக்கவிளைவைக் குறைக்க ஃபோலிக் அமில மாத்திரையையும் மற்ற நாட்களுக்கு எழுதுவார்கள். இரண்டும் சிறியவை, நிறமும் ஒத்திருக்கலாம். ஒன்று வாரத்தில் ஒரு நாள், மற்றது மீதி நாட்கள். இடம் மாறினால் போதும்: வாரத்தில் ஆறு நாள் நஞ்சு, ஒரு நாள் மாற்று. மீதி மருந்துகள் எல்லாம் தினசரி என்பதால் மாத்திரைப் பெட்டியை நிரப்பும் மகனோ மருமகளோ இதையும் தினசரி அறைகளில் போட்டுவிடுவது இன்னொரு வழி. இத்தகைய பிழைகள் தொடர்ந்து நடந்ததால் ஐரோப்பிய மருந்து முகமை 2019-இல் புதிய பாதுகாப்பு ஏற்பாடுகளைப் பரிந்துரைத்தது. உறையில் தெளிவான எச்சரிக்கை, டப்பாவுக்குப் பதில் அட்டை வடிவம், எழுதும் மருத்துவருக்குக் கட்டுப்பாடு ஆகியவை அவற்றில் அடங்கும்.

நோயாளி செய்யக்கூடியது எளிது. ‘வாரம் ஒருமுறை’ என்று மட்டும் எழுதிய சீட்டை ஏற்காமல், கிழமையின் பெயரை எழுதித் தரச் சொல்ல வேண்டும். ‘செவ்வாய்க்கிழமை மட்டும்’ என்று அட்டையிலேயே பேனாவால் எழுதிவைத்து, மற்ற மாத்திரைகளோடு சேர்க்காமல் தனியே வைக்க வேண்டும். இந்த மருந்தை உட்கொள்பவருக்கு வாய்ப்புண் வந்தால், அது உஷ்ணம் என்று மோர் குடித்துக் காத்திருக்காமல் அன்றே ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

வாரக் கணக்கு மருந்துகள் வேறு சிலவும் உண்டு. 60,000 யூனிட் வைட்டமின் டி அவற்றில் நமக்கு மிகவும் பழகியது. ஒருவருக்கு ஒரு நாளுக்குத் தேவையானது சுமார் 600 யூனிட் என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு மாத்திரை நூறு நாள் தேவை. வைட்டமின்தானே என்று அதைத் தினமும் விழுங்குபவர்களுக்கு ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, மலச்சிக்கல், குழப்பம், கடைசியில் சிறுநீரகப் பாதிப்பு வரை போகும். எலும்புத் தேய்வுக்கான அலெண்ட்ரோனேட் 70 மில்லிகிராமும் வார மாத்திரைதான். இதய நோயாளிகளுக்கான டிகாக்சினை வாரத்தில் ஐந்து நாள் மட்டும் எழுதும் வழக்கமும் இந்தியாவில் இருக்கிறது. சீட்டில் 5/7 என்று இருந்தால் வாரத்தின் ஏழு நாட்களில் ஐந்து நாள் என்று பொருள். டிகாக்சினில் பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையே உள்ள வரப்பு மிகக் குறுகியது. பசியின்மை, குமட்டல், பார்வையில் மஞ்சள் படர்வது, நாடி மெதுவாவது ஆகியவை வரப்பைத் தாண்டியதன் அடையாளங்கள்.

ஒரே மருந்து, வேறு வேறு சட்டை

காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் 650 ஒன்று. சளிக்கு என்று கடையில் தந்த கூட்டு மாத்திரையில் பாரசிட்டமால். முதுகு வலிக்கு அசிக்ளோஃபெனாக் என்ற வலிநீக்கி கலந்த மாத்திரையில் இன்னொரு 325 மில்லிகிராம் பாரசிட்டமால். மூன்று அட்டைகள், மூன்று பெயர்கள். உள்ளே இருப்பது ஒரே ஆள். நலமான பெரியவருக்கு ஒரு நாளுக்கான உச்சவரம்பு 4,000 மில்லிகிராம். மெலிந்தவர், கல்லீரல் நோயாளி, தொடர்ந்து குடிப்பவர் ஆகியோருக்கு வரம்பு இதைவிடக் குறைவு. கூட்டு மாத்திரைகளால் தெரியாமலே அளவு கூடிக் கல்லீரல் கெடுவதைக் கண்டுதான், மருத்துவர் சீட்டுக்குத் தரும் கூட்டு மாத்திரைகளில் பாரசிட்டமாலை 325 மில்லிகிராமுக்குள் நிறுத்தும்படி அமெரிக்கக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011-இல் கேட்டது.

ரத்த அழுத்த மாத்திரைகளில் சிக்கல் வேறு விதம். டெல்மிசார்டான் 40 உட்கொண்டுவந்தவருக்கு மருத்துவர் பெயரின் பின்னால் ‘ஏ.எம்.’ அல்லது ‘எச்’ சேர்ந்த மாத்திரையை எழுதுகிறார். முன்னது அம்லோடிபின் கலந்தது, பின்னது நீர் பிரியும் மருந்து கலந்தது. பழைய டெல்மிசார்டான் அதற்குள்ளேயே இருக்கிறது. பழையதை நிறுத்தச் சொன்னது காதில் விழாமல் இரண்டையும் உட்கொண்டால், எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழுவார். பெயரின் பின்னால் ஒட்டும் எழுத்தும் எண்ணும் அலங்காரமல்ல. புது மாத்திரை வந்தால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இது பழையதோடு சேர்த்தா, பழையதற்குப் பதிலா?

பெயரைச் சரிபார்க்க அட்டை வேண்டும். நம் கடைகளில் நாலு மாத்திரை கேட்டால் அட்டையை வெட்டித் தருகிறார்கள். பெயர் ஒரு துண்டில், காலாவதித் தேதி இன்னொரு துண்டில். இந்த விஷயத்தில் கடைக்காரரிடம் கறாராக இருப்பதில் தவறில்லை. உறையில் மருந்தின் பெயரையும் அளவையும் எழுதித் தருவது அவருக்கு அரை நிமிட வேலை. அட்டையின் இடது ஓரத்தில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால், அது மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. வீரியமான நுண்ணுயிர்க்கொல்லிகள் சிலவும் பழக்கத்துக்கு அடிமையாக்கும் மருந்துகள் சிலவும் எச்1 என்ற தனிப்பட்டியலில் வருகின்றன. 2014 முதல் அவற்றின் விற்பனையைக் கடைக்காரர் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

குழந்தைக்கு எத்தனை மில்லி?

குழந்தை மருந்தின் அளவு வயதைப் பொறுத்ததல்ல, எடையைப் பொறுத்தது. பாரசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். பத்துக் கிலோ குழந்தைக்கு 150 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். அது எத்தனை மில்லி?

1. 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 6 மில்லி.
2. 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 3 மில்லி.
3. 1 மில்லியில் 100 மில்லிகிராம் உள்ள சொட்டு மருந்து என்றால் 1.5 மில்லி.

மூன்றும் சரியான விடை, மூன்றும் வேறு புட்டி. கைக்குழந்தைக்கான சொட்டு மருந்து ‘லேசானது’ என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் அதுதான் மூன்றிலும் அடர்த்தியானது. சிரப்பின் கணக்கில் 6 மில்லி சொட்டு மருந்தை ஊற்றினால் 600 மில்லிகிராம். ஒரு நாள் முழுவதும் பிரித்துத் தர வேண்டியது ஒரே விழுங்கில் போய்விடும். ஆகவே ‘எத்தனை மில்லி’ என்று மட்டும் கேட்காமல் ‘எந்தப் புட்டியில் எத்தனை மில்லி’ என்று கேட்க வேண்டும். போன மாதம் வாங்கிய புட்டிக்கு இந்த மாதச் சீட்டு பொருந்தாமல் போகலாம்.

அளக்கும் கருவி புட்டியோடு வரும் மூடியோ ஊசியில்லா சிரிஞ்சோதான். வீட்டுக் கரண்டி ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவு. பாலாடையும் சங்கும் ஊட்டுவதற்கு நல்லவை, அளப்பதற்கு அல்ல. பொடியாக வரும் நுண்ணுயிர்க்கொல்லியில், காய்ச்சி ஆறவைத்த நீரைப் புட்டியில் உள்ள கோடுவரை ஊற்றிக் குலுக்க வேண்டும். நுரை அடங்கியதும் மட்டம் கீழிறங்கினால் மறுபடி கோடுவரை நிரப்ப வேண்டும். நீர் குறைந்தால் ஒவ்வொரு மில்லியிலும் மருந்து கூடிவிடும். கலந்த அமாக்சிசிலின்–கிளாவுலனேட் மருந்தைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து ஏழு நாளில் முடிக்க வேண்டும். மிச்சத்தை அடுத்த காய்ச்சலுக்கு எடுத்துவைப்பதில் பொருளில்லை.

சளி மருந்துகளைப் பற்றி ஒரு சொல். குளோர்ஃபெனிரமைனும் ஃபினைல்எஃப்ரினும் சேர்ந்த கூட்டு மருந்தை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தரக் கூடாது என்று உறையில் அச்சிடும்படி இந்தியத் தலைமை மருந்துக் கட்டுப்பாட்டாளர் 2023 டிசம்பரில் உத்தரவிட்டார். அளவைக் குறைத்துக் கொடுப்பது இதற்கு மாற்று வழியல்ல.

உடைப்பதும் பொடிப்பதும்

நடுவில் கோடு இருக்கும் மாத்திரையைப் பொதுவாக உடைக்கலாம். பெயரில் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., இ.ஆர். என்று இருந்தால், மருத்துவரோ மருந்தாளுநரோ சொல்லாமல் உடைக்கக் கூடாது. நாள் முழுவதும் சிறுகச் சிறுகக் கசியும்படி செய்த மாத்திரை அது. பொடித்துக் கொடுத்தால் ஒரு நாள் மருந்தும் ஒரு மணிநேரத்தில் இறங்கிவிடும். மெட்ஃபார்மின் எக்ஸ்.ஆர். உட்கொள்பவர் மலத்தில் முழு மாத்திரை போன்ற ஒன்றைக் கண்டு பதறுவதுண்டு. அது வெறும் கூடு. மருந்து ஏற்கெனவே உடலுக்குள் போய்விட்டது. பேன்டோபிரசோல் போன்றவற்றின் மேற்பூச்சு வேறு காரணத்துக்கு. வயிற்று அமிலம் மருந்தை அழித்துவிடாமல் குடல்வரை அது காக்கிறது.

சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பதற்கும் ஒவ்வொரு மருந்திலும் தனிக் காரணம் உண்டு. தைராக்சினை வெறும் வயிற்றில், தண்ணீரோடு, காலை உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணிநேரம் முன்பு உட்கொள்ள வேண்டும். நம் ஊரில் அதற்கு முதல் எதிரி காலைக் காபி. அது மருந்து உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் தைராக்சினுக்கும் நான்கு மணிநேர இடைவெளி வேண்டும். சர்க்கரைக்கான கிளிமெபிரைடு இதற்கு நேர்மாறு. அது கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டுவதால் உணவோடு கட்டுண்டது. அமாவாசை விரதமோ ரமலான் நோன்போ இருப்பவர் மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டு உணவைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும். விரத நாட்களுக்கான மாற்று அளவை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுவைக்க வேண்டும்.

மறந்த வேளை, நிறுத்தும் வேளை

1. சற்று நேரத்தில் நினைவுக்கு வந்தால் உடனே உட்கொள்ளலாம்.
2. அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டதை விட்டுவிட வேண்டும்.
3. விட்டதற்கு ஈடாக இரண்டைச் சேர்த்து உட்கொள்ளக் கூடாது.
4. கிளிமெபிரைடில் உணவு தவறினால் அந்த வேளை மாத்திரையும் தவற வேண்டும். கருத்தடை மாத்திரை, ரத்த உறைவைத் தடுக்கும் மருந்து ஆகியவற்றுக்குத் தனி விதிகள் உண்டு. அவற்றை வாங்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

நலமாகிவிட்டது என்று தானாக நிறுத்தக் கூடாத மருந்துகளில் மூன்று வகை முக்கியமானவை. பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டைச் சில வாரங்கள் உட்கொண்டால், உடலுக்கு வேண்டிய ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையை மறந்திருக்கும். படிப்படியாகக் குறைத்தால்தான் அது விழித்துக்கொள்ளும். வலிப்பு மருந்தைச் சட்டென நிறுத்தினால் வலிப்பு முன்னைவிட வேகமாகத் திரும்பலாம். இதயத் துடிப்பைத் தணிக்கும் அட்டெனலால், மெட்டோப்ரோலால் போன்றவற்றைத் திடீரென விட்டால் இதயத் துடிப்பு எகிறும். நெஞ்சுவலிக்காரருக்கு மாரடைப்பு வரை போகலாம்.

அளவு கூடிப்போனால்

பாரசிட்டமால் இங்கே ஏமாற்றுக்காரன். அளவு மிகுந்த முதல் நாளில் லேசான குமட்டல் தவிர ஒன்றும் தெரியாமல் போகலாம். அந்நேரத்தில் கல்லீரலில் அதன் நச்சுத் துணைப்பொருள் குவிந்துகொண்டிருக்கும். மாற்று மருந்தான அசிட்டைல்சிஸ்டீன் முதல் எட்டு மணிநேரத்துக்குள் கிடைத்தால் மிக நன்றாக வேலை செய்யும். அறிகுறி வரட்டும் என்று காத்திருப்பவர் அந்த நேரத்தை இழக்கிறார். உப்புக் கரைசலைப் புகட்டி வாந்தி எடுக்க வைப்பது பழைய பழக்கம். அந்த உப்பே ரத்தத்தில் சோடியத்தை ஏற்றிக் குழந்தைகளைக் கொன்றிருக்கிறது. செய்ய வேண்டியது மருத்துவமனைக்குப் புறப்படுவது, கையோடு காலி அட்டையையும் புட்டியையும் எடுத்துக்கொள்வது, எத்தனை மணிக்கு எத்தனை மாத்திரை என்று ஒரு தாளில் குறித்துக்கொள்வது. அவசரப் பிரிவில் மருத்துவர் முதலில் கேட்கப்போவது அந்தக் கணக்கைத்தான்.